'கெட்' என்ற ஆங்கில வினைக்கு எத்தனை அர்த்தம்தான்? எங்கே எதை எடுத்துக்கொள்வது?

பிறைநிலா:

வணக்கம். 'கெட்' என்றால் 'பெறு' என்று ஒரே சொல்லாக மனதில் பதிந்துவிட்டது. அந்த அர்த்தத்தை வைத்துக்கொண்டு படித்தால் பாதி வாக்கியங்கள் பிடிபடவே மாட்டேன் என்கின்றன. அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. குறிப்பாக இவை:

"இட் இஸ் கெட்டிங் டார்க்." இங்கே யார் எதைப் பெறுகிறார்கள்?

"ஐ காட் மை போன் ரிப்பேர்ட்." நேராக "ஐ ரிப்பேர்ட் மை போன்" என்று சொன்னால் என்ன குறை?

"கெட் ஹிம் டு சைன் இட்." நடுவில் அந்த 'டு' எதற்கு? 'மேக் ஹிம் சைன்' என்பதில் அது இல்லையே.

"ஐ காட் டு மீட் ஹர்", "ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்." ஒரே ஒரு 'ஹேவ்' கூடுகிறது, பொருள் அடியோடு மாறிவிடுகிறது என்கிறார்கள்.

"கேன் யூ கெட் த டோர்?" கதவைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்களா?

எல்லா அர்த்தத்தையும் மனப்பாடம் செய்வது தவிர வேறு வழி உண்டா?

---

வேர்ச்சொல்:

மனப்பாடம் செய்தால் மறந்துதான் போகும். நம்முடைய 'பிடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸைப் பிடித்தான், சளி பிடித்தது, எனக்கு அவளைப் பிடிக்கும், குழந்தை அடம் பிடிக்கிறது, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் கற்கும் ஒருவருக்கு இதன் பொருளை ஒரே சொல்லில் சொல்ல முடியுமா? கூட வரும் சொல்லைப் பார்த்துத்தானே நாம் புரிந்துகொள்கிறோம். 'கெட்'டும் அதே சாதி. அதை அடுத்து எந்த வகைச் சொல் வருகிறது என்று பார்த்தால் பொருள் தானாக வந்து விழும்.

அடுத்து பெயர்ச்சொல் வந்தால், ஏதோ ஒன்று ஒருவரிடம் வந்து சேர்கிறது. எந்த வழியில் வந்தது என்பதை 'கெட்' சொல்லாது, சூழல்தான் சொல்லும். "ஐ காட் எ லெட்டர்" என்றால் கடிதம் வந்தது. "ஐ காட் எ ஜாப்", வேலை கிடைத்தது. "ஐ காட் எ கோல்டு", சளி பிடித்தது. "ஐ காட் எ நியூ பேக்" என்பது காசு கொடுத்து வாங்கியதாகவும் இருக்கலாம், யாராவது கொடுத்ததாகவும் இருக்கலாம். போய் எடுத்து வருவதும் இதே கணக்குதான்: "கெட் மீ எ சேர்." இதில் வரிசை முக்கியம். முதலில் யாருக்கு, பிறகு எதை. திருப்பிப் போட்டால் நடுவில் 'ஃபார்' வேண்டும்: "கெட் எ சேர் ஃபார் மீ." 'எனக்கு' என்பதை அப்படியே பெயர்த்து 'டு மீ' என்று போடுவது நாம் வழக்கமாகச் செய்கிற தப்பு.

கதவு விஷயம்: அழைப்பு மணி அடிக்கும்போது "கேன் யூ கெட் த டோர்?" என்றால் போய்த் திறக்கச் சொல்கிறார்கள். இரண்டு கையிலும் சாமானோடு நிற்பவர் அதையே சொன்னால் கதவைத் திறந்து பிடிக்கச் சொல்கிறார். போன் அடிக்கும்போது "ஐ வில் கெட் இட்" என்றால் நான் எடுக்கிறேன். "ஐ டோன்ட் கெட் இட்" என்றால் எனக்குப் புரியவில்லை. "ஐ டிட்ன்ட் கெட் யுவர் நேம்" என்றால் உங்கள் பெயர் சரியாகக் காதில் விழவில்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று வந்து சேர்கிறது, அல்லது சேராமல் போகிறது.

அடுத்து அட்ஜெக்டிவ், அதாவது பண்பைச் சொல்லும் சொல், வந்தால் 'ஆகு'. "இட் இஸ் கெட்டிங் டார்க்", இருட்டிக்கொண்டு வருகிறது. அந்த 'இட்' யாரையும் குறிக்காது. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதற்காக உட்கார வைத்த சொல். "ஹி வாஸ் ஆங்ரி" என்றால் கோபமாக இருந்தார், "ஹி காட் ஆங்ரி" என்றால் கோபம் வந்துவிட்டது. முதலாவது நிலை, இரண்டாவது மாற்றம். ஆனால் 'ஆகு' என்று எழுதி வைத்துக்கொண்டு பெயர்ச்சொல்லோடு சேர்த்துவிடாதீர்கள். "ஹி காட் எ டாக்டர்" என்றால் அவர் டாக்டர் ஆகவில்லை, ஒரு டாக்டரை அழைத்து வந்தார். ஆனார் என்பதற்கு "ஹி பிகேம் எ டாக்டர்". எல்லா அட்ஜெக்டிவும் 'கெட்'டோடு ஒட்டாது என்பதும் உண்டு: பால் கெட்டுப்போனால் 'வென்ட் பேட்', பார்வை போனால் 'வென்ட் பிளைண்ட்', முகம் சிவந்தால் 'டர்ன்ட் ரெட்'.

அடுத்து வினையின் மூன்றாம் வடிவம் ('பிரேக், புரோக், புரோக்கன்' என்பதில் கடைசி) வந்தால், பெரும்பாலும் நம்முடைய 'படு', 'மாட்டிக்கொள்', 'போய்விடு' வகை. காட் ஹர்ட், அடிபட்டது. காட் ஸ்டக், மாட்டிக்கொண்டது. காட் லாஸ்ட், வழி தவறிப்போனது. பிடிபட்டான் என்பதற்கு "ஹி காட் காட்". தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. பிரிட்டிஷ் உச்சரிப்பில் முதலாவது குறில் அளவுக்குச் சுருக்கமாகவும் இரண்டாவது நீட்டியும் ஒலிக்கும்.

இந்த வகை சம்பவங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். "த கிளாஸ் வாஸ் புரோக்கன்" என்றால் உடைந்த நிலையில் இருந்தது என்றும் கொள்ளலாம், உடைக்கப்பட்டது என்றும் கொள்ளலாம். "காட் புரோக்கன்" என்றால் உடைந்த சம்பவம் மட்டுமே. அதனால்தான் தெரிந்திருத்தல், சொந்தமாக இருத்தல் போன்ற நிலை வினைகளோடு 'காட் நோன்', 'காட் ஓன்ட்' என்று சொல்வதில்லை. 'கெட் டிரெஸ்ட்', 'கெட் மேரிட்' இரண்டும் பார்க்க இதே மாதிரி இருந்தாலும் செயப்பாட்டு வினை இல்லை. உடுத்திக்கொள்வதும் கல்யாணம் செய்துகொள்வதும் அவரவர் செய்வது.

போன் ரிப்பேர், கையெழுத்து இரண்டையும் வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். கை வலிக்கிறது.

---

பிறவினை:

என் பெயருக்கான வேலை வந்துவிட்டது, நான் எடுக்கிறேன்.

தமிழில் "முடி வெட்டினேன்", "வீடு கட்டினேன்", "போனை ரிப்பேர் பண்ணினேன்" என்று தாராளமாகச் சொல்கிறோம். கத்தரியைப் பிடித்தது நாமில்லை, செங்கல் அடுக்கியதும் நாமில்லை. கேட்பவருக்கு அது தெரியும், அதனால் மொழி கண்டுகொள்வதில்லை. ஆங்கிலம் இதில் கறார். "ஐ கட் மை ஹேர்" என்றால் கண்ணாடி முன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டீர்கள். "ஐ ரிப்பேர்ட் மை போன்" என்றால் நீங்களே திருப்புளியோடு உட்கார்ந்தீர்கள். "ஐ புல்டு மை டூத்" என்று சொன்னால் கேட்பவர் உங்கள் வாயையே பார்ப்பார்.

அமைப்பு இது: காட், பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம். "ஐ காட் / மை போன் / ரிப்பேர்ட்." பொருள் நடுவில்தான் உட்கார வேண்டும். "ஐ காட் ரிப்பேர்ட் மை போன்" என்று சொல்லிப் பாருங்கள். 'ஐ காட் ரிப்பேர்ட்' வரை காதில் விழுந்தவுடனேயே கேட்பவர் உங்களையே யாரோ பழுதுபார்த்துவிட்டதாக எடுத்துக்கொள்வார், பிறகு வரும் போன் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நிற்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று. "ஐ காட் மை ஹேர் கட்" என்பதை எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். காரணம், 'கட்' என்ற வினைக்கு மூன்று வடிவமும் ஒன்றே. முதல் வடிவம் என்று நினைத்துப் போட்டாலும் சரியாகிவிடுகிறது. அந்தத் தைரியத்தில் "ஐ காட் மை கார் வாஷ்", "ஐ காட் மை டாகுமென்ட்ஸ் டைப்" என்று போகிறார்கள், அங்கே உடைகிறது. வாஷ்ட், டைப்ட். பேச்சில் அந்தக் கடைசி 'ட்' மெல்லியதாக இருக்கும், ஆனால் இருந்தாக வேண்டும். எழுத்தில் விட்டால் பளிச்சென்று தெரியும்.

இதே அமைப்புக்கு இன்னும் இரண்டு முகம் உண்டு. "ஐ காட் மை ஃபிங்கர் காட் இன் த டோர்" என்றால் யாரிடமும் சொல்லிச் செய்துகொண்டதல்ல, கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டது. "ஐ காட் த ரிப்போர்ட் ஃபினிஷ்ட்" என்றால் பெரும்பாலும் நானேதான், ஒருவழியாக முடித்துத் தொலைத்தேன் என்ற தொனி. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொது அறிவுதான். விரலை யாரும் ஆள் வைத்து நசுக்கிக்கொள்வதில்லை.

இப்போது கையெழுத்து. தமிழில் "கையெழுத்துப் போட வைத்தேன்" என்று ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் மூன்று உண்டு. "ஐ மேட் ஹிம் சைன்", அவருக்கு விருப்பமில்லை, வேறு வழியில்லாமல் போட்டார். "ஐ ஹேட் ஹிம் சைன்", போடச் சொன்னேன், போட்டார், அது அவருடைய வேலை. "ஐ காட் ஹிம் டு சைன்", பேசி, கெஞ்சி, விளக்கிச் சம்மதிக்க வைத்தேன். முதல் இரண்டிலும் 'டு' கிடையாது, 'கெட்'டில் கட்டாயம் உண்டு. இதற்குக் காரணம் தேடி அலைவதைவிட "காட் ஹிம் டு" என்று மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுவது நல்லது. நடுவில் நிறுத்தினால் 'டு' விழுந்துவிடும்.

முரண்டு பிடிக்கிற பொருளுக்கும் இது வரும்: "ஐ கான்ட் கெட் த பிரின்டர் டு வொர்க்." என்ன செய்தாலும் வேலை செய்ய மாட்டேன் என்கிறது என்ற அலுப்பு அதில் இருக்கிறது. 'ஐ கான்ட் மேக்' என்று சொல்லலாம்தான், ஆனால் அந்த அலுப்பு வராது.

---

இடைச்சொல்:

இடத்தை யாரும் தொடவில்லையே. 'கெட் டு' என்பதை அடுத்து ஊர், கட்டடம், வீதி வந்தால் போய்ச் சேர்தல். "ஹவ் டூ ஐ கெட் டு த ஸ்டேஷன்?" ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் 'டு' வரக்கூடாது. "ஐ காட் ஹோம் லேட்." 'ரீச்' என்ற வினைக்கோ எப்போதுமே 'டு' கிடையாது: "ரீச்ட் த ஸ்டேஷன்." 'ஸ்டேஷனுக்கு' என்கிற 'கு' நம் நாக்கில் ஒட்டிக்கொண்டு 'ரீச்ட் டு' என்று வந்துவிடும். 'கெட்'டில் தேவை, 'ரீச்'சில் தேவையில்லை.

வண்டியில் ஏறுவது இறங்குவது: எழுந்து நடக்க இடமிருக்கும் வண்டிக்கு கெட் ஆன், கெட் ஆஃப். பஸ், ரயில், விமானம், கப்பல். உடம்பை மடக்கி உள்ளே நுழைந்து உட்காருகிற வண்டிக்கு கெட் இன், கெட் அவுட் ஆஃப். கார், டாக்சி. சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை எல்லாம் மேலே ஏறி உட்காருவது, ஆகவே அவற்றுக்கும் 'ஆன்', 'ஆஃப்'.

"வேர் ஆர் யூ கெட்டிங் டவுன்?" என்று பஸ்ஸில் கேட்பது இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். வெளியே அது கொஞ்சம் விநோதமாகப் படும். அங்கே 'கெட் டவுன்' என்றால் ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவது, அல்லது ஆபத்து வரும்போது குனிந்து படுத்துக்கொள்வது. பஸ்ஸுக்கு 'கெட் ஆஃப்'. தப்பு என்று யாரையும் திருத்தப் போக வேண்டாம், எங்கே பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேசினால் சரி.

---

பிறைநிலா:

அனைவருக்கும் நன்றி. 'பிடி' உதாரணம் நன்றாகப் பிடித்தது. வாக்கியம் எழுதிப் பார்த்தேன், திருத்திக் கொடுங்கள்.

1. டிக்கெட் கிடைக்கவில்லை: "த டிக்கெட் டிட் நாட் கெட்."
2. தலைவலியாக இருக்கிறது: "ஐ ஆம் கெட்டிங் ஹெடேக்."
3. அவள் ஒரு ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள்: "ஷி காட் மேரிட் வித் எ டீச்சர்."
4. தம்பியை வைத்து மின்விசிறியைச் சரிசெய்தேன்: "ஐ காட் மை பிரதர் ஃபிக்ஸ் த ஃபேன்."
5. நேற்று அவளைச் சந்தித்தே ஆக வேண்டியிருந்தது: "ஐ ஹேவ் காட் டு மீட் ஹர் யெஸ்டர்டே."
6. சீக்கிரம் எழுந்து பழகிவிட்டது: "ஐ காட் யூஸ்டு டு வேக் அப் ஏர்லி."

---

வேர்ச்சொல்:

ஆறிலும் பிழை இருக்கிறது, ஆனால் நல்ல பிழைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தமிழ் வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது.

முதலாவது. தமிழில் 'கிடை' என்ற வினைக்கு டிக்கெட்தான் எழுவாய். நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். பல சமயம் அந்த 'எனக்கு' கூட வாக்கியத்தில் இருக்காது. ஆங்கிலத்தில் அந்த 'எனக்கு'தான் எழுவாய். "ஐ டிட்ன்ட் கெட் எ டிக்கெட்." முயன்றும் கிடைக்கவில்லை என்றால் "ஐ குட்ன்ட் கெட் எ டிக்கெட்". யாருக்குக் கிடைக்கவில்லை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வருகிற பதிலை வாக்கியத்தின் தலையில் வையுங்கள். வேலை கிடைத்தது, அனுமதி கிடைத்தது, செய்தி வந்தது, சந்தேகம் வந்தது, கோபம் வந்தது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு திருப்பம் போதும்.

இரண்டாவதில் 'எ' விடுபட்டது சின்ன விஷயம். பெரிய விஷயம் காலம். "ஐ ஹேவ் எ ஹெடேக்", இப்போது வலிக்கிறது. "ஐ ஆம் கெட்டிங் எ ஹெடேக்", வருகிற மாதிரி இருக்கிறது, இன்னும் முழுசாக வரவில்லை. "ஐ கெட் ஹெடேக்ஸ்", எனக்கு அடிக்கடி வரும். மருத்துவரிடம் சொல்லும்போது மூன்றும் மூன்று தகவல்.

மூன்றாவது, 'வித்' அல்ல, 'டு'. "காட் மேரிட் டு எ டீச்சர்." 'ஓடு' என்று தமிழில் நினைத்தால் 'வித்' வந்துவிடும். 'மேரி' என்ற வினையை நேராகப் போட்டால் இரண்டுமே வேண்டாம்: "ஷி மேரிட் எ டீச்சர்."

நான்காவதில் 'டு' விழுந்துவிட்டது. "ஐ காட் மை பிரதர் டு ஃபிக்ஸ் த ஃபேன்." தம்பியைச் சொல்லத் தேவையில்லை என்றால் "ஐ காட் த ஃபேன் ஃபிக்ஸ்ட்". ஆளைச் சொன்னால் 'டு', ஆளை விட்டுவிட்டால் மூன்றாம் வடிவம்.

ஐந்தாவது, உங்கள் முதல் பதிவில் கேட்ட கேள்வியே. 'ஹேவ் காட் டு' என்றால் செய்தே ஆக வேண்டும், அதுவும் இப்போதோ இனிமேலோ. நேற்றைக்கு அது வராது; "ஐ ஹேட் டு மீட் ஹர் யெஸ்டர்டே" என்று 'ஹேட் டு' போட வேண்டும். 'ஹேவ்' இல்லாமல் "ஐ காட் டு மீட் ஹர்" என்றால் கட்டாயமே இல்லை, அவளைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது என்று மகிழ்ச்சியாகச் சொல்வது. சிக்கல் என்னவென்றால், வேகமான பேச்சில் அந்த 'ஹேவ்' வெறும் 'வ்' ஆகத் தேய்ந்து சில சமயம் காணாமலே போய்விடும். 'காட் டு'வும் 'காட்டா' ஆகிவிடும். "ஐ காட்டா கோ" என்றால் போயாக வேண்டும். காதில் எப்படிப் பிரிப்பது? நடந்து முடிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால் வாய்ப்பு, கிளம்புகிற அவசரத்தில் சொன்னால் கட்டாயம். எழுதும்போது அந்த 'ஹேவ்'வை விடாமல் போடுங்கள்.

ஆறாவதை இடைச்சொல் சொல்லட்டும், 'டு' எல்லாம் அவருடைய இலாகா.

---

இடைச்சொல்:

வருகிறேன். 'கெட் யூஸ்டு டு' என்பதில் வரும் 'டு' வினையோடு ஒட்டுகிற 'டு' அல்ல. 'எதற்குப் பழகினாய்' என்பதில் வரும் 'கு' அது. ஆகவே பின்னால் பெயர்ச்சொல், அல்லது 'இங்' சேர்ந்த வடிவம்: "ஐ காட் யூஸ்டு டு த நாய்ஸ்", "ஐ காட் யூஸ்டு டு வேக்கிங் அப் ஏர்லி."

'காட்'டை எடுத்துவிட்டு "ஐ யூஸ்டு டு வேக் அப் ஏர்லி" என்றால் கதையே வேறு. முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை என்று பொருள். பழக்கம் வந்ததைச் சொல்லப்போய் பழக்கம் போனதைச் சொல்லிவிடுவீர்கள்.

---

ஒற்று:

கால வடிவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட், காட், காட். அமெரிக்கர்களுக்கு மூன்றாவது பல இடங்களில் 'காட்டன்'. பிரிட்டனில் அந்தப் பழைய வடிவம் வழக்கொழிந்து 'இல்-காட்டன்' (தப்பான வழியில் சேர்த்த) போன்ற சில சொற்களில் மட்டும் தங்கிவிட்டது. 'ஃபர்காட்டன்' என்பதில் இன்னும் எல்லாரும் சொல்கிறார்களே, அதே வால்தான்.

அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் பயன்படவும் செய்கிறது. "ஐ ஹேவ் காட் எ கார்" என்றால் என்னிடம் கார் இருக்கிறது. "ஐ ஹேவ் காட்டன் எ கார்" என்றால் கார் வாங்கிவிட்டேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'காட்' ஒன்றே, சூழலை வைத்துப் பிரிக்க வேண்டும். தேர்வுக்கோ அலுவலகத்துக்கோ எழுதினால் ஏதாவது ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே போங்கள்.

'ஹேவ் காட்' பார்ப்பதற்கு முடிந்த காலம் மாதிரி இருக்கும், பொருள் நிகழ்காலம். "ஐ ஹேவ் காட் டூ சிஸ்டர்ஸ்", எனக்கு இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். இதை "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று சொல்கிற வழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உச்சரிப்பு: நமக்கு வல்லின ஒற்றில் சொல் முடிவது பழக்கமில்லை, தானாக ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். 'கெட்' என்பது 'கெட்டு' ஆகிவிடும், கேட்கும்போதே ஏதோ கெட்டுப்போன மாதிரி இருக்கும். நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வைத்து அங்கேயே நிறுத்திவிடுங்கள், காற்றை வெளியே விட வேண்டாம். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து ஓடும். உடலும் உயிரும் புணர்வது நமக்குப் புதிதா என்ன! 'கெட் அப்' அமெரிக்க வாயில் 'கெடப்' மாதிரி விழும், 'கெட் இட்' என்பது 'கெடிட்'. இது தெரியாவிட்டால் படத்தில் ஒரு வசனமும் புரியாது.

---

ஆய்தம்:

இவ்வளவும் சரி, ஆனால் அலுவலகக் கடிதத்தில் 'கெட்'டே வரக்கூடாது, ரிசீவ், அப்டெய்ன், பிகம் என்று மாற்ற வேண்டும் என்பதுதானே விதி?

---

பிறவினை:

விதி என்று ஒன்றும் இல்லை, இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை, புகார்க் கடிதம் போன்றவற்றில் மாற்றுவது நல்லது. ஆனால் எதற்கு எது என்று தெரியாமல் மாற்றினால் வாக்கியமே தப்பாகும். 'ரிசீவ்' என்றால் ஒருவர் அனுப்பி நமக்கு வந்தது மட்டும். கடையில் வாங்கியதை 'ரிசீவ்ட்' என்று எழுதினால் யாரோ இலவசமாக அனுப்பியதாக ஆகிவிடும். 'அப்டெய்ன்' முயன்று பெற்றது: அனுமதி, சான்றிதழ், தகவல். அதைப் போய் "ஐ அப்டெய்ன்ட் சம் பிரெட்" என்று எழுதினால் சிரிப்பார்கள். 'கெட் மேரிட்', 'கெட் ரெடி' போன்றவற்றுக்கு 'பிகம்' போட முடியாது. "ஹி காட் ஹர்ட்" என்பதற்கு "ஹி வாஸ் இன்ஜுர்ட்" என்று 'பி' வினைக்குத் திரும்பிவிடலாம். "ஐ காட் ஹிம் டு சைன்" என்பதற்கு "ஐ பர்சுவேடட் ஹிம் டு சைன்".

சக ஊழியருக்கு எழுதும் சாதாரண மின்னஞ்சலில் 'கெட்'டை விரட்ட வேண்டியதில்லை. அங்கே விறைப்பாக எழுதினால்தான் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். பதில் தருகிறேன் என்பதற்கு "ஐ வில் ரிவர்ட்" என்று எழுதுவதைவிட "ஐ வில் கெட் பேக் டு யூ" எல்லா நாட்டவருக்கும் புரியும். 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் வெளியே பலரும் எடுத்துக்கொள்வார்கள். மேலதிகாரி ஒன்றை விளக்கி முடித்தவுடன் வெறுமனே "காட் இட்" என்று எழுதுவது மட்டும் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். "அண்டர்ஸ்டுட், தேங்க் யூ" போதும்.

---

பிறைநிலா:

இன்றைக்கு ஒருவருக்கு "ஐ வில் கெட் யூ பேக்" என்று அனுப்பிவிட்டேன். இதுவும் "கெட் பேக் டு யூ"வும் ஒன்றுதானே?

---

இடைச்சொல்:

இல்லை. 'கெட் பேக் டு யூ' என்றால் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன். 'கெட் யூ பேக்' என்றால் உன்னைப் பழிவாங்காமல் விடமாட்டேன். கடன் வாங்கிய நண்பரிடம் சொன்னால் காசைத் திருப்பித் தருகிறேன் என்று எடுத்துக்கொள்வார். நீங்கள் கடன் எதுவும் வாங்கவில்லை என்றால் உடனே இன்னொரு செய்தி அனுப்பிவிடுங்கள்.